அம்மாக்களுக்கென்று ஒரு பாய்

அம்மாக்களுக்கென்று அவர் ஒரு பாய் வைத்திருந்தார். பச்சையும் சிவப்பும் கோடு போட்ட பிளாஸ்டிக் பாய். மண்டபத்தின் பின்சுவரோரம், காற்றாடிக் காற்று சரியாக எட்டாத இடத்தில் அதை விரித்திருப்பார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் எந்த அம்மாவும் நேராக அதில் போய் உட்கார வேண்டும். கைப்பேசி பைக்குள் இருக்க வேண்டும். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எழுந்திருக்கவும் கூடாது.

"எப்பதான் எழுந்திரிக்கலாம்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"ரத்தம் வந்தா எழுந்திரிங்க," என்றார். "கொஞ்சமா வந்தா வேணாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

டுரியான் துங்கால் என்ற ஊருக்கு வெளியே, ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தின் கோயில் மண்டபம் அது. வாரத்தில் மூன்று நாள் மாலையில் அவருடைய இயக்கம் அங்கே நடந்தது. சின்னப் பிள்ளைகள் விளையாடித்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே பதிவு செய்த இயக்கம். தலைவி அவர். செயலாளரும், வேன் ஓட்டுநரும், கடைசியில் மண்டபத்தைக் கூட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவரும் அவரேதான். கடிதத்தாளில் இன்னும் ஆறு பேருடைய பெயர்கள் இருந்தன. அவர்களில் ஒருவரையும் நான் கடைசிவரை பார்க்கவில்லை.

நான் அங்கே போனது என் மகள் கவிநயாவுக்காக. அப்போது அவளுக்கு ஐந்து வயது. வீட்டில் ஓயாமல் பேசுவாள். வாசல் கேட்டைத் தாண்டினால் ஒரு வார்த்தை வராது. பாலர் பள்ளியில் ஓராண்டு முழுக்க அவள் குரலை யாரும் கேட்டதில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றுகூடச் சொல்லாமல் உடுப்பை நனைத்துக்கொண்டு வருவாள். கிளினிக்கில் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். மாமியார் நாக்கில் தேன் தடவச் சொன்னார், தடவினேன். எந்த வயதில் பிள்ளை என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, தினமும் அதன் முன்னால் நின்றேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை எனக்கு. கோப்புகளை ஒழுங்காக வைத்திருக்கத் தெரிந்தவள். பிள்ளையை மட்டும் எந்த ஒழுங்கிலும் வைக்கத் தெரியவில்லை. பள்ளியில் ஒன்றாம் ஆண்டு தொடங்கப் பதினான்கு மாதங்கள் இருந்தன. பேசாத பிள்ளையை மக்கு என்று கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள், பிறகு அவள் அங்கேயே இருந்துவிடுவாள் என்ற பயம் என்னைத் தின்றது.

முதல் நாள் அவரை "டீச்சர்" என்றேன்.

"டீச்சர்னு கூப்பிடாதீங்கலா. அப்புறம் எங்கிட்ட ஏதாச்சும் எதிர்பாப்பீங்க."

அதனால் அக்கா என்று கூப்பிட்டேன். பிள்ளைகள் தோன்றியபடி கூப்பிட்டார்கள். ஒரு பையன் அவரைப் 'பூனை' என்றே அழைத்தான், அதற்கும் "என்னப்பா?" என்று திரும்புவார். ஐம்பது வயது இருக்கும். குட்டையான உருவம், ஆண்கள் போடும் தொளதொளத்த காற்சட்டை, காதில் மட்டும் கல்யாணத்துக்குப் போகிறவர்போல் பெரிய ஜிமிக்கி. கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று பிடித்திருக்கும். "கை முன்னால வந்தா அது சும்மா இருக்காது" என்பார்.

அவருடைய வேனைத் திறந்தால் பழைய இரும்புக் கடைபோல் இருக்கும். டயர்கள், பலகைகள், குழாய்த் துண்டுகள், அடிபிடித்த சட்டிகள், ஒரு மூட்டை ரப்பர் கொட்டை. வாங்கிய பொம்மை ஒன்றுகூடக் கிடையாது. எல்லாவற்றையும் மண்டபத்திலும் வெளியே மணலிலும் கொட்டிவிட்டு நகர்ந்து நிற்பார். அவர் செய்தது அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

கவிநயா முதல் சில வாரங்கள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு ஒரு நாள் இரண்டு டயர்களின் மேல் குறுக்காகக் கிடந்த பலகையில் ஏறினாள். நடுவில் போய் நின்றுவிட்டாள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கால் நடுங்குவது பாயிலிருந்தே எனக்குத் தெரிந்தது. நான் பாதி எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க."

"அக்கா, விழுந்துடுவா."

"விழுவா."

"அக்கா!"

"அரை அடி உயரம்லா அது. கீழ மணல் வேற. நீங்கதான் ரொம்ப ஒயரத்துல நிக்கிறீங்க."

உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த சாந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். சாந்தி அக்கா தஞ்சோங் கிளிங்கில் காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்பவர், நாலு வயதுப் பேரனைத் தானே வளர்க்கிறவர். "எம்மா, இந்தப் பொம்பள நம்மள ஆஸ்பத்திரிக்கு அனுப்பாம விடாது போல," என்று என் காதில் சொன்னார். அன்று கவிநயா அரை மணி நேரம் அந்தப் பலகையில் நின்றாள். பிறகு தானே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினாள். யாரும் கை தட்டவில்லை. தட்டக் கூடாது என்பதும் அவருடைய சட்டம்.

இன்னும் சில வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, மணலில் சட்டி வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பையன் அவள் சட்டியில் கை விட்டான். "அது என் சோறு. எடுத்தீன்னா கடிப்பேன்!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. என் மகளின் குரல். வெளி உலகத்துக்கு அவள் சொன்ன முதல் வார்த்தை ஒரு மிரட்டல். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் பாயருகே வந்து, குனியாமல், வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்: "அழறதுன்னா பின்பக்கம் போய் அழுங்க. அவ பாத்தா நிறுத்திடுவா."

போய் வாழை மரத்தடியில் நின்று அழுதேன். அவர் என்ன சொன்னாலும் கேட்பது என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவு எனக்கு இரண்டு மாதம்தான் தாங்கியது.

ஏனென்றால் அவரிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. இன்றைக்கு என் பிள்ளை என்ன கற்றுக்கொண்டாள் என்று கேட்டால், "ரெண்டு தடவ தோத்தா" என்பார். இன்னொரு நாள், "ஒண்ணும் செய்யல. அத நல்லா செஞ்சா." சாந்தி அக்கா ஒரு முறை பொங்கிவிட்டார்: "இதக் கேக்கவா தஞ்சோங் கிளிங்லேர்ந்து காடி ஓட்டிட்டு வர்றேன்? ஏ, பி, சி-யாவது தெரிஞ்சுதா எம் பேரனுக்கு?"

"மூடிய தொறக்கத் தெரிஞ்சிச்சு."

"அத நான் வீட்லயே சொல்லிக் குடுத்திருப்பேன்லா!"

"ஆமா," என்றார் அவர். "அதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வரச் சொன்னேன்."

பயமும் இருந்தது. ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் ஒரு சைக்கிள் சக்கரத்துக்காக இழுபறி செய்தார்கள். அவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருத்தி மற்றவளின் கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தது, கொஞ்சம்தான். கடிபட்டவளின் தாய் பாயிலிருந்து பாய்ந்து, "நீங்களும் ஒரு பொம்பளையா? கண்ணு முன்னாடி பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?" என்று கத்தினாள். அவர் மருந்து போட்டார், மன்னிப்புக் கேட்டார். அடுத்த நாள் அதே சக்கரத்தை அதே இடத்தில் வைத்தார். அந்தத் தாய் திரும்பி வரவில்லை. அவர் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் என் மகள் இருந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

ஒன்றாம் ஆண்டு நெருங்க நெருங்க மற்ற அம்மாக்களும் கழன்றார்கள். அலுவலகத் தோழிகளின் பிள்ளைகள் மூன்று மொழியில் வாசித்தார்கள். எங்கள் கைப்பேசிப் புலனக் குழுவில் தினமும் யாராவது ஒரு பிள்ளை எழுதிய பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டார்கள். என் கணவர், "அவ பேசறாளே, அது போதாதா?" என்றார். எனக்குப் போதவில்லை. செவ்வாயும் சனியும் ஆயர் குரோவில் ஒரு வாசிப்பு வகுப்பில் கவிநயாவைச் சேர்த்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அவரே கேட்டார். "கவி எதத் தொடுறதுக்கு முன்னாடியும் ஒங்க மொகத்தப் பாக்குறா. எங்கயாச்சும் போறாளா?"

"இல்லக்கா. எங்கயும் போகல."

அவர் என்னையே ஒரு கணம் பார்த்தார். "சரி," என்றார். பொய் சொன்னதற்கு அவர் திட்டியிருந்தால் வகுப்பை நிறுத்தியிருப்பேன் என்று பல முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

இருபத்து மூன்று பிள்ளைகள் ஒன்பதாகக் குறைந்தபோது கோயில் தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு பேனா. மணலையும் டயரையும் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்.

"என்னம்மா, எப்ப வந்தாலும் புள்ளைங்க மண்ணுலயே உருளுதுங்க. ஒரு புஸ்தகத்தக் காணோம்."

"விளையாடறாங்க, தலைவரே."

"அதத்தான் சொல்றேன். எட்டு வயசுல நான் ரப்பர் பால் வாளி தூக்குனவன்மா. மரத்துக்கு மரம் ஓடுவேன். நம்மாளுங்க மண்ணுல கெடந்ததெல்லாம் போதும். படிப்புதான் எங்கள வெளிய இழுத்துச்சு. கமிட்டியில கேக்குறாங்க, நான் என்னான்னு பதில் சொல்ல?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது. அக்கா அந்த மனிதரை உட்கார வைத்து விளக்கியிருக்கலாம். பேசாத ஒரு பிள்ளை எங்கள் மண்டபத்தில் பேசினாள் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைகளோடு மணிக்கணக்கில் பொறுமையாக இருப்பவருக்குப் பெரியவர்களோடு இரண்டு நிமிடம் பேசத் தெரியவில்லை. "நீங்க ஒரு நாள் முழுசா வந்து இந்தப் பாயில ஒக்காந்து பாருங்க," என்று மட்டும் சொன்னார். வேட்டி கட்டிய தலைவரிடம் அம்மாக்களின் பாயைக் காட்டினார். தலைவர் முகம் சுருங்கியது. அடுத்த மாதம் கமிட்டியோடு வந்து பார்த்து, மண்டபத்தைத் தொடர்ந்து தருவதா இல்லையா என்று முடிவு சொல்வதாகக் கூறிவிட்டுப் போனார்.

அந்த மாதம் அக்கா சேலை கட்டிக்கொண்டு ஒரு கோப்புடன் அலுவலகம் அலுவலகமாக ஏறினார். வேறு மண்டபம், காலி வகுப்பறை, கார் நிறுத்தும் கூரை, எதுவானாலும் போதும் என்று கேட்டார். எங்கேயும் கிடைக்கவில்லை. ஒரு மாலை சேலையோடேயே வந்து பிள்ளைகளுக்கு டயர் இறக்கினார். கைகள் பின்னால் போய்ச் சேரவே இல்லை. கோப்பைப் பிடித்தபடியே நின்றார்.

நாங்கள் செய்தது அதற்குப் பிறகு. செய்ய வைத்தது நான்தான்.

"அக்காவுக்குப் பெரியவங்ககிட்ட பேச வராது," என்று சாந்தி அக்காவிடம் சொன்னேன். "நாமதான் காப்பாத்தணும். கமிட்டிக்குக் கண்ணால பாக்குற மாதிரி ஏதாச்சும் காட்டணும்."

"என்னாத்த காட்டுவ? மூடி தொறக்குறதயா?"

"படிச்சதக் காட்டணும்."

ஒன்பது பிள்ளைகளையும் பத்து நாள் என் வீட்டு முன்கூடத்தில் வரிசையாக நிறுத்திப் பயிற்சி கொடுத்தேன். இரண்டாம் வாய்ப்பாடு, மாதங்களின் பெயர், வணக்கம் சொல்லி ஓர் ஆங்கிலப் பாட்டு. கவிநயாவுக்கு நாட்டின் பதின்மூன்று மாநிலங்களை வரிசையாகச் சொல்லும் பங்கு. தப்பில்லாமல் சொன்னால் ஐஸ்கிரீம். "அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது," என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். அவர்களும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கவிநயா எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சத்தமாகச் சொன்னாள். அது என்னால் நடந்தது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கமிட்டியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பிள்ளைகள் மணலில் ஏதோ கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரை எப்படித் திருப்புவது என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். அக்கா அவர்களுக்கு ஒன்றும் விளக்காமல் நின்றார்.

நான் பாயிலிருந்து எழுந்தேன். "புள்ளைங்களா, வரிசை!"

கால்வாயை அப்படியே விட்டுவிட்டு ஒன்பது பேரும் ஓடி வந்தார்கள். மணல் ஒட்டிய கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்கள். வாய்ப்பாடு, மாதங்கள், பாட்டு. கடைசியில் கவிநயா. பெர்லிஸ், கெடா, பினாங்கு என்று தொடங்கினாள். பகாங் வந்ததும் தடுமாறி, உடனே பிடித்துக்கொண்டு, சரவாக்வரை போய்விட்டாள். கைதட்டல். தலைவர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இதத்தாம்மா கேட்டோம்! இத்தன நாளா இத ஏன் மறைச்சு வெச்சீங்க?"

அங்கேயே முடிவாகிவிட்டது. மண்டபம் பிள்ளைகளுக்குத்தான். வாரம் மூன்று நாள் என்ன, ஐந்து நாளும் நடக்கட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து பாடம் நடத்துவார். மேசை நாற்காலிக்குக் கமிட்டி பொறுப்பு. டயர், மணல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கோயில் வாசலுக்கு அழகாக இல்லை. "நீங்க கூட இருந்து மேற்பார்வை பாருங்கம்மா," என்றார்கள்.

"எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது, தலைவரே," என்றார் அவர்.

மறுநாள் காலை வேனில் பொருள் ஏற்ற நான் மட்டும் போனேன். இருவரும் பலகைகளைத் தூக்கினோம். கடைசியில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க்கா என்னைத் தடுக்கல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா உக்காந்திருப்பேன். எப்பவும் போல பொறுத்துப் பாத்தீங்களா? நான் விழுறதப் பாத்துக்கிட்டு நின்னீங்களா?"

அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"இல்லம்மா. தலைவர் மொகத்தப் பாத்தேன். ரெண்டு வருசமா சிரிக்காத மனுசன் சிரிச்சாரு. மண்டபம் கெடச்சிரும்னு ஆச வந்திருச்சு. சொல்லட்டும், நல்லா சொல்லட்டும்னு வேண்டிக்கிட்டு நின்னேன்." கயிற்றின் நுனியை உள்ளே செருகினார். "கவி பகாங்ல நின்னப்ப, திரெங்கானுன்னு நான்தான் வாயசைச்சேன். நீங்க பாக்கல. அவ பாத்துட்டா."

வாழ்க்கையில் ஒரு பிள்ளைக்கும் எடுத்துக் கொடுக்காதவர் என் பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வேனின் கதவைச் சாத்திவிட்டு, "பசியாறிட்டீங்களா? போங்க, வேலைக்கு நேரமாச்சு," என்றார். அதுதான் கடைசி.

சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு திடலோரம் வேனை நிறுத்திப் பிள்ளைகளை விளையாட விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். பிறகு வேன் பழுதாகிவிட்டது என்றார்கள். அவருடைய எண்ணுக்கு அழைத்தால் இப்போது யாரோ ஒரு மலாய்க்காரர் எடுக்கிறார். போன மாதம் இரண்டு சனிக்கிழமை அங்கே ஓட்டிக்கொண்டு போனேன். திடல் இருந்தது. கடைக்காரர், "அந்த டயர் அம்மாவா? வந்து ரொம்ப நாளாச்சும்மா," என்றார். அவரைக் கண்டால் என்ன கேட்பேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் தேடாமல் இருக்க முடியவில்லை.

கவிநயா இப்போது மூன்றாம் ஆண்டு. வகுப்பில் இரண்டாவது, மூன்றாவதாக வருகிறாள். கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறாள். கேட்காவிட்டால் பேசுவதில்லை. ஆசிரியர்களுக்கு அவளை மிகவும் பிடிக்கும். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததற்கு என்னைப் பாராட்டுகிறார்கள்.

பள்ளி விடுமுறையின் முதல் நாள். டியூசன் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. நானும் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தேன். காலை பசியாறிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு மேசை முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"இப்ப நான் என்னம்மா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். வெளிய போய் விளையாடு."

"என்ன விளையாடணும்?"

"ஒனக்குப் பிடிச்சத."

அவள் யோசித்தாள். எழுந்து கதவுவரை போனாள். செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் உண்மையான கவலை.

"முடிச்சதும் யார்கிட்ட காட்டணும்?"

யாரிடமும் காட்ட வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கதவருகே ஒற்றைச் செருப்போடு நின்று பதிலுக்காகக் காத்திருந்தாள். அவள் உதடு துடிக்கத் தொடங்கியது.

"எங்கிட்ட காட்டு," என்று சொல்லிவிட்டேன்.

அவள் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு வெளியே போனாள்.